சர்க்கரை ஆலையில் ஒரு மாதப் பயிற்சி: வேதிப் பொறியியல் கருவிகளை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வேதிப் பொறியியல் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு, ஒரு மாதப் பயிற்சிக்காகச் சர்க்கரை ஆலை ஒன்றுக்குப் போகவிருக்கும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பாடநூலில் பம்ப், வெப்பப் பரிமாற்றி, ஆவியாக்கி, வடிகட்டி, காய்ச்சி வடிக்கும் கோபுரம் எல்லாம் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கின்றன. ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்று பிடிபடவில்லை. ஆலைக்குள் போனால் எதை எப்படிப் பார்க்க வேண்டும்? எங்கள் ஊரில் வெல்லம் காய்ச்ச ஒரு திறந்த கொப்பரை போதுமாயிருக்கும்போது, ஆலையில் ஏன் அதே சாற்றை நான்கைந்து பாத்திரங்களில், அதுவும் வெற்றிடத்தில் கொதிக்க வைக்கிறார்கள்?"

கொப்பரையைப் பற்றிய கேள்வியைக் கேட்கத் தோன்றிய ஒருவருக்கு மற்றவை கடினமாக இருக்கப்போவதில்லை. அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். அதற்கு முன், பாடநூல் ஏன் அப்படித் துண்டு துண்டாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் வேதித் தொழிற்சாலைகளைச் சோதனையிடும் ஆய்வாளராக இருந்த ஜார்ஜ் டேவிஸ், சோப்பு, சோடா, சாயம் என்று எந்தத் தொழிலைப் பார்த்தாலும் காய்ச்சுதல், வடிகட்டுதல், உலர்த்துதல், கரைத்தல் போன்ற சில வேலைகளே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப நடப்பதைக் கவனித்து, 1887இல் மான்செஸ்டரில் அதைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1901இல் அதையே கையேடாக வெளியிட்டார். 1915இல் அமெரிக்காவின் ஆர்தர் லிட்டில் அந்த வேலைகளுக்கு 'யூனிட் ஆப்பரேஷன்', அதாவது அலகுச் செயல்முறை என்று பெயர் கொடுத்தார். உங்கள் நூலின் அத்தியாயப் பிரிவு அங்கிருந்து வந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் செய்வதும், பால்பவுடர் ஆலையில் நீராவி செய்வதும் ஒரே வேலைதான் என்பதைக் காட்டும் வகையில் அது அருமையான பிரிவு. ஆனால் ஒரு கருவியிலிருந்து வெளியே வருவது அடுத்த கருவிக்குள் என்ன நிலையில் போகிறது என்பதை அந்தப் பிரிவு மறைத்துவிடுகிறது. ஆலையில் தினமும் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

ஆகவே எந்தக் கருவியின் முன் நின்றாலும் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதெல்லாம் எந்தெந்த வழியில் வெளியே வருகிறது? எந்த வேறுபாடு இங்கே வேலையைச் செய்கிறது? வேறுபாடு என்பது வெப்பநிலையாக இருக்கலாம், அழுத்தமாக இருக்கலாம், செறிவாக இருக்கலாம், அடர்த்தியாகவும் இருக்கலாம். அந்த வேறுபாடு குறைந்தால் கருவி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேலை நடக்காது.

முதல் கேள்வியை அரவைப் பகுதியில் பழகுங்கள். மணிக்கு 100 டன் கரும்பு உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 14 டன் நார், 12 டன்னுக்குச் சற்று மேல் சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கரும்பு வரிசையாக நிற்கும் பல மில்களில் பிழியப்படுகிறது; கடைசி மில்லுக்கு முன்னால் 30 டன் சுடுநீரைச் சக்கையின் மேல் தெளிக்கிறார்கள். ஆக, உள்ளே போனது 130 டன். வெளியே 100 டன் சாறும் 30 டன் சக்கையும் வருகின்றன. சக்கையில் பாதி ஈரம். அதில் 100க்கு 2 பங்கு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தால் மணிக்கு 0.6 டன் சர்க்கரை கொதிகலனில் எரிந்துபோகிறது என்று பொருள். இப்படியே பிரஸ்மட்டில் (சாற்றிலிருந்து வடிகட்டி எடுத்த கசடில்) 0.1, படிகமாகாமல் எஞ்சும் கழிவுப்பாகில் 1.4, கணக்கில் அகப்படாமல் 0.1 என்று கழித்துக்கொண்டே போனால், மூட்டையில் சேர்வது 10 டன் என்று வரும். எண்கள் ஆலைக்கு ஆலை, பருவத்துக்குப் பருவம் மாறும், கணக்கு மாறாது. ஆய்வகத்தில் நாள்தோறும் எழுதும் அறிக்கை இந்தக் கணக்கின் விரிவுதான். பயிற்சியின் முதல் நாளே அந்த அறிக்கையின் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்தச் சுடுநீரைக் கடைசி மில்லில் ஊற்றுவது ஏன், முதல் மில்லில் ஊற்றினால் என்ன? கடைசி மில்லுக்கு வரும் சக்கையில் சர்க்கரை மிகக் குறைவு. அதிலிருந்து எஞ்சியதைக் கழுவி எடுக்க, சர்க்கரையே இல்லாத தண்ணீரால்தான் முடியும். அங்கே பிழிந்த நீர்த்த சாறு முந்தைய மில்லின் சக்கை மேல் ஊற்றப்படுகிறது. அந்தச் சக்கையில் சர்க்கரை சற்று அதிகம் என்பதால் நீர்த்த சாறே அங்கே கழுவப் போதும். சக்கை முன்னால் போக, சாறு பின்னால் வருகிறது. இதற்கு எதிரோட்டம் என்று பெயர். எல்லா மில்லிலும் செறிவு வேறுபாடு ஓரளவு நிலைத்திருக்கும்படி செய்வதே அதன் நோக்கம். வெப்பப் பரிமாற்றி அத்தியாயத்தில் எதிரோட்டத்தைப் படித்தபோது அது குழாய்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைத்திருப்பீர்கள். நாரைப் பிழியும் இரும்பு உருளைகளுக்கு நடுவிலும் அதே விதி வேலை செய்கிறது.

சாறு அடுத்துப் போவது சூடாக்கிக்கு. பெரிய உருளைக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான குழாய்கள். குழாய்க்குள் சாறு, வெளியே நீராவி. 100 டன் சாற்றை 30 டிகிரியிலிருந்து 75 டிகிரி செல்சியஸுக்கு ஏற்ற, கிலோவுக்கு 3.8 கிலோஜூல் வீதம் கணக்கிட்டால் 1.71 கோடி கிலோஜூல் தேவை. ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது ஏறத்தாழ 2,200 கிலோஜூல் தருகிறது, எனவே 7.8 டன் நீராவி. இந்த நான்கு வரிக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டு, ஆலையில் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று விசாரித்தால், வேறுபாட்டுக்கான காரணங்களைத் தேடுவதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். பெரும்பாலும் காரணம் குழாயின் உட்புறத்தில் படிந்த அழுக்காக இருக்கும். அல்லது நீராவிப் பக்கத்தில் சிக்கிக்கொண்ட காற்றாக இருக்கும். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீராவி குளிர்ந்து நீராகிக் கீழே வடிந்துவிடும். அதனுடன் வந்த காற்று எங்கும் போகாமல் குழாயைச் சுற்றிப் போர்வை போலத் தங்கிவிடும். அதை வெளியேற்றத்தான் மேலே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அதை யாரோ ஒருவர் 'நீராவி வீணாகிறதே' என்று நல்லெண்ணத்தில் மூடிவைத்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சூடான சாற்றில் சுண்ணாம்புப் பாலும் கந்தக டை ஆக்சைடு வாயுவும் சேர்க்கப்படுகின்றன. புளிப்புத் தன்மையோடு, பிஹெச் 5.5 அளவில் வந்த சாறு 7க்கு அருகில் கொண்டுவரப்படுகிறது. அதைவிடக் குறைந்தால் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையத் தொடங்கும். கூடினால் அந்தக் குளுக்கோஸ் வகைகள் சிதைந்து நிறம் கறுக்கும். பிறகு 102, 103 டிகிரிக்குச் சூடேற்றித் தெளிய வைக்கும் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். இங்கே வேலை செய்வது அடர்த்தி வேறுபாடு. கசடு கனமானது, கீழே இறங்குகிறது. தெளிந்த சாறு மேலே வழிகிறது. ஆனால் ஏன் கொதிநிலையைத் தாண்டிச் சூடேற்ற வேண்டும்? சாற்றில் காற்றும், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நார்த் துகள்களும் கலந்திருக்கின்றன. கசடின் மேல் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் கசடு மூழ்காமல் மிதக்கும். சற்று அதிகமாகச் சூடேற்றிய சாற்றைத் திறந்த தொட்டி ஒன்றில் பாய்ச்சும்போது அது சட்டென்று கொதித்து, காற்றையெல்லாம் வெளியே தள்ளிவிடுகிறது. சூடாக்கியில் மூன்று டிகிரி குறைந்தால், அடுத்த மூன்று மணி நேரத்தில் தெளிதொட்டியின் மேல்பரப்பில் சேறு மிதக்கும். தெளிதொட்டி ஆளைத் திட்டிப் பயனில்லை. சூடாக்கிக்குத்தான் போக வேண்டும். இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி என்று முன்பு சொன்னேனே, அது இதுதான்.

பம்பைப் பற்றி ஒரு கதை சொல்லித்தான் ஆக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆலையில், ஆவியாக்கியின் கடைசிப் பாத்திரத்திலிருந்து, ஆவி குளிர்ந்து உண்டான சுடுநீரை இழுக்கும் பம்ப் ஒன்று, கூழாங்கற்களைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல் ஓயாமல் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சுழலும் சக்கரம் கறையான் அரித்த பலகை போல் குழி விழுந்திருந்தது. புதிது மாட்டினோம், இரண்டே மாதத்தில் அதுவும் அப்படியே ஆயிற்று. வயதான ஃபிட்டர் ஒருவர் வந்து, வெளியேற்றும் பக்கத்து வால்வைப் பாதி மூடினார், சத்தம் அடங்கியது. பிறகு பம்பின் அடித்தளத்தைக் காட்டி, "இது போன வருஷம் இங்க இல்லீங்க" என்றார். தரையில் தண்ணீர் தேங்குகிறது என்பதற்காகப் பம்பை இரண்டடி மேடை கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள்.

நடந்தது என்னவென்றால், வெற்றிடத்தின் கீழ் இருக்கும் அந்தச் சுடுநீர் ஏற்கெனவே கொதிக்கும் விளிம்பில் இருக்கிறது. அழுத்தம் இம்மி குறைந்தாலும் குமிழியிடும். அது கொதிக்காமல் பம்புக்குள் போக ஒரே துணை, பாத்திரத்துக்கும் பம்புக்கும் இடையிலுள்ள உயரத்தில் நிற்கும் நீரின் எடை. அந்த உயரத்தில் இரண்டடியைக் குறைத்தால் நீர் பம்பின் வாயிலேயே ஆவியாகி, உள்ளே அழுத்தம் கூடும் இடத்தில் அந்தக் குமிழிகள் உடைந்து நசுங்கும். அப்படி நசுங்கும் ஒவ்வொரு குமிழியும் இரும்பில் ஒரு சுத்தியலடி. வால்வைப் பாதி மூடியபோது ஓட்டம் குறைந்தது, உறிஞ்சும் குழாயில் உராய்வு இழப்பும் குறைந்தது, பம்புக்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தமும் குறைந்தது. அதனால் சத்தம் நின்றது. நீர்மம் பம்பின் வாயில் கொதிக்காமல் இருக்க அங்கே வேண்டிய இந்த அழுத்தம், பாடநூலில் என்பிஎஸ்ஹெச் (NPSH) என்ற நான்கு எழுத்துகளில் அடங்கிவிடுகிறது. ஆலையில் கொதிநிலை நீரை இழுக்கும் பம்புகள் எல்லாம் ஏன் பள்ளத்தில், அழுக்கிலும் ஈரத்திலும் கிடக்கின்றன என்பதற்கும் அதுதான் காரணம்.

இனிக் கொப்பரைக்கு வருவோம். தெளிந்த சாற்றில் 100க்கு 15 பங்கு கரைபொருள். ஆலையில் இதை 15 பிரிக்ஸ் என்பார்கள். அதை 60 பிரிக்ஸ் பாகாக ஆக்க வேண்டும். 100 டன் சாற்றில் 15 டன் கரைபொருள். அது 100க்கு 60 ஆக இருக்க வேண்டுமென்றால் மொத்தப் பாகு 25 டன்தான். எனவே 75 டன் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். திறந்த கொப்பரையில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் செலவாகிறது. அவ்வளவும் ஆவியோடு சேர்ந்து வானத்துக்குப் போய்விடுகிறது. நீராவியால் சூடேற்றினாலும் 75 டன் நீரை விரட்ட 75 டன்னுக்குக் குறையாமல் நீராவி வேண்டும். வெல்லம் காய்ச்சுபவருக்கு இது பொருட்டல்ல. அவருடைய சக்கை அவருக்குப் போதும், அவர் காய்ச்சும் அளவும் சிறிது. நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலைக்கு அது கட்டுப்படியாகாது.

கொப்பரையிலிருந்து எழும் ஆவியும் நீராவிதான். அதற்குள் நாம் கொடுத்த வெப்பம் முழுவதும் இருக்கிறது. அதைக் கொண்டு இன்னொரு கொப்பரையைக் கொதிக்க வைக்க முடியாதா? முடியாது, இரண்டும் ஒரே வெப்பநிலையில் கொதித்தால். 100 டிகிரி ஆவியால் 100 டிகிரியில் கொதிக்கும் சாற்றுக்கு வெப்பத்தைத் தர இயலாது, வேறுபாடு வேண்டும். இரண்டாவது பாத்திரத்தில் காற்றை இழுத்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் அங்கே சாறு 90 டிகிரியிலேயே கொதிக்கும். இப்போது முதல் பாத்திரத்தின் ஆவி அதற்கு நெருப்பாகிவிடும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதற்கு, மூன்றாவதன் ஆவி நான்காவதற்கு. முதல் பாத்திரத்துக்குக் கொடுத்த ஒரு டன் நீராவி நான்கு இடத்தில் ஏறத்தாழ நான்கு டன் நீரை விரட்டுகிறது. 75 டன்னுக்குப் பதில் சுமார் 19 டன் நீராவி. வெற்றிடத்தின் முதல் பயன் இதுதான். சர்க்கரை சூட்டில் கருகாமல் இருப்பது இரண்டாவது பயன். அது பாகு கெட்டியாகும் கடைசிப் பாத்திரங்களில் மிக முக்கியமானது. பிறகு வரும் வெற்றிடப் பேனிலோ, அதாவது பாகைப் படிகமாக்கும் பாத்திரத்திலோ, அதுவே முதல் காரணமாகிவிடுகிறது.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் நார்பெர்ட் ரில்லியூ. 1806இல் நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின வழிவந்த தாய்க்குப் பிறந்து, பாரிஸில் பொறியியல் படித்தவர். லூசியானாவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கொதிக்கும் சாற்றை நீண்ட அகப்பையால் ஒரு கொப்பரையிலிருந்து அடுத்த கொப்பரைக்கு மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1843இலும் 1846இலும் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். உப்பு, பால், காகிதக் கூழ், எரிசோடா என்று எங்கே பல அடுக்கு ஆவியாக்கி நின்றாலும் அது அவர் வழிவந்ததுதான்.

இங்கே மாணவர்கள் தவறாமல் விழும் ஒரு குழி இருக்கிறது. நான்கு பாத்திரங்கள் இருப்பதால் ஒரு பாத்திரத்தைவிட நான்கு மடங்கு நீர் ஆவியாகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் பாத்திரத்துக்கு வரும் நீராவி 115 டிகிரி, கடைசிப் பாத்திரத்தில் சாறு கொதிப்பது 55 டிகிரிக்குச் சற்று மேல் என்றால், நம்மிடம் இருக்கும் மொத்த வேறுபாடு 60 டிகிரி. ஒரே பாத்திரமாக இருந்தால் 60 டிகிரியும் அதற்கே. நான்காகப் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 15 டிகிரி. பாகின் செறிவால் கொதிநிலை உயர்வது அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஆகவே அதே பரப்பளவுள்ள நான்கு பாத்திரங்கள் சேர்ந்து செய்வது, முழு வேறுபாடும் கிடைத்த ஒற்றைப் பாத்திரத்தின் வேலையைத்தான். நாம் இரும்பையும் குழாயையும் நான்கு மடங்கு வாங்கி, அதற்கு ஈடாக நீராவியை மிச்சப்படுத்துகிறோம். இதனால்தான் பாத்திரங்களின் எண்ணிக்கை ஐந்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. முதல் இரண்டு பாத்திரங்களின் ஆவியில் ஒரு பங்கைச் சாறு சூடாக்கிக்கும் பேனுக்கும் திருப்பிவிட்டு மேலும் மிச்சம் பிடிப்பார்கள். உங்கள் ஆலையில் எந்தப் பாத்திரத்திலிருந்து எங்கே ஆவி போகிறது என்று குழாயைத் தொடர்ந்து நடந்தே பாருங்கள்.

கடைசிப் பாத்திரத்தின் ஆவிக்கு அடுத்த பாத்திரம் இல்லை. அதைக் குளிர்ந்த நீரால் அடித்து நீராக்கும் கண்டன்சர், கட்டடத்தின் உச்சியில், ஏறிப் பார்க்கவே சலிப்பூட்டும் உயரத்தில் இருக்கும். காரணம் எளிது. உள்ளே வெற்றிடம், வெளியே வளிமண்டலம். வளிமண்டல அழுத்தம் நீரை 10.3 மீட்டர் உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்கும். கண்டன்சரிலிருந்து இறங்கும் குழாய் அதைவிட நீளமாக இருந்தால், பம்ப் எதுவும் இல்லாமலே நீர் தானாகக் கீழே வழியும். வெளிக்காற்றும் உள்ளே ஏறாது. கீழே ஒரு சின்னத் தொட்டிக்குள் அந்தக் குழாயின் வாய் மூழ்கியிருக்கும். பாதரசக் காற்றழுத்தமானியை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். இங்கே அதையே இரும்பிலும் நீரிலும் மூன்று மாடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள்.

பேன் வீட்டில் நடப்பதை வீட்டுச் சமையலறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது பதம் பார்ப்பது போலவே, பேன் ஆளும் வெற்றிடத்துக்குள் நீளும் பித்தளைக் கோல் ஒன்றால் மாதிரி எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துக் கம்பி நீளும் அளவைப் பார்ப்பார். கண்ணாடித் துண்டில் தடவி விளக்கொளியில் படிகத்தைப் பார்ப்பார். இங்கே வேலை செய்யும் வேறுபாடு, கரைந்திருக்கும் சர்க்கரைக்கும் அந்த வெப்பநிலையில் கரையக்கூடிய சர்க்கரைக்கும் இடையிலுள்ளது. 20 டிகிரியில் 100 கிராம் நீர் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துவைத்துக்கொள்ளும். 100 டிகிரியில் 480 கிராமுக்கு மேல். அளவு எல்லையைச் சற்றே தாண்டினால், ஏற்கெனவே உள்ள படிகங்கள் வளரும், புதிது பிறக்காது. இன்னும் தாண்டினால் எண்ணற்ற பொடிப் படிகங்கள் திடீரென்று பிறந்து, பெரிய படிகங்களுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். எல்லைக்குக் கீழே போனால் வளர்ந்ததும் கரையும். நடுவிலுள்ள அந்தக் குறுகிய இடத்தில் மணிக்கணக்காகப் பேனை நிறுத்திவைப்பதுதான் பேன் ஆளின் திறமை. இப்போது பல ஆலைகளில் கருவிகள் அதை அளக்கின்றன. ஆனாலும் விரல் வேலை ஒழிந்துவிடவில்லை. கிடைத்தால் இரண்டு இரவு ஷிஃப்ட் பேன் ஆளோடு நில்லுங்கள்.

படிகமும் பாகும் கலந்த குழம்பைப் பிரிப்பது சுழல் கூடை. 1.2 மீட்டர் விட்டமுள்ள கூடை நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றினால், ஓரத்தில் உணரப்படும் விசை புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. பேனில் பொடிப் படிகம் விழுந்திருந்தால் அந்த விசையிலும் பாகு வெளியேறாது. நீர் தெளித்துக் கழுவத் தோன்றும், கழுவினால் சர்க்கரையும் கரைந்து கழிவுப்பாகோடு போகும். உலர்த்தியைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரையின் மேல் ஒட்டிய ஈரம் சிறிதுதான், சூடான காற்றே போதும்.

ஆலையோடு எரிசாராயப் பகுதியும் இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். கழிவுப்பாகை நீர்விட்டு நெகிழ்த்தி ஈஸ்ட் சேர்க்கும் பெரிய தொட்டி, வேதிவினைக் கலனுக்கு எளிய எடுத்துக்காட்டு. 180 கிராம் குளுக்கோஸ், வினை முழுதாக நடந்தால், 92 கிராம் எத்தனாலாகவும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும்; இதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. வினை வெப்பத்தை வெளிவிடுவதால் தொட்டியை 32, 33 டிகிரியில் நிறுத்தக் குளிர்விக்க வேண்டும். ஆய்வகக் குடுவையில் குளிர்விப்பே தேவைப்படவில்லையே என்று வியக்காதீர்கள். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கானால் உள்ளே உண்டாகும் வெப்பம் எட்டு மடங்கு. அதை வெளியே விடும் சுவரின் பரப்போ நான்கு மடங்குதான்.

நொதித்த கரைசலில் எத்தனால் 100க்கு 7, 8 பங்கு. அதைப் பிரிக்கும் கோபுரத்தைச் சித்த மருத்துவர்களின் வாலையைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். வாலையில் ஒருமுறை காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து எடுக்கிறோம். எடையில் 100க்கு 5 பங்கு எத்தனால் உள்ள நீர் கொதிக்கும்போது, ஆவியில் ஏறத்தாழ 35 பங்கு இருக்கும். 17 பங்கு உள்ளது கொதித்தால் ஆவியில் 62. ஆவியைக் குளிர்வித்து மறுபடி காய்ச்சினால் மேலும் செறிவு கூடும். அதாவது வாலைக்கு மேல் வாலை. கோபுரத்தின் ஒவ்வொரு தட்டும் அப்படியொரு வாலை. கீழிருந்து ஏறும் ஆவி தட்டிலுள்ள துளைகள் வழியாக நீர்மத்தைத் துளைத்து, அதன் வெப்பத்தாலேயே அதைக் கொதிக்க வைத்துவிட்டு, தான் ஓரளவு குளிர்ந்து நீராகிறது. எத்தனால் மேலே போகிறது, நீர் கீழே இறங்குகிறது. ஆவியாக்கியில் ஒரு பாத்திரத்தின் ஆவி அடுத்ததற்கு நெருப்பானது போலவே இங்கும் நடக்கிறது; ஆவியும் நீர்மமும் எதிரெதிரே போவது மில்லில் பார்த்த எதிரோட்டம்தான். உச்சியில் கிடைத்த சாராயத்தில் ஒரு பங்கைத் திரும்பக் கோபுரத்திலேயே ஊற்றுவதைப் பார்த்து 'இது என்ன வீண் வேலை' என்று தோன்றும். மேல் தட்டுகளில் இறங்கிவர நீர்மமே இல்லையென்றால் ஆவி எதனோடு பரிமாறிக்கொள்ளும்? ரிஃப்ளக்ஸ் என்று அதற்குப் பெயர்.

எத்தனை தட்டு வைத்தாலும் 95.6 விழுக்காட்டோடு கோபுரம் நின்றுவிடும். அந்தச் செறிவில் ஆவியும் நீர்மமும் ஒரே கலவையாகிவிடுகின்றன; இதுதான் கொதிநிலை மாறாக் கலவை. வேறுபாடு இல்லை, எனவே வேலையும் இல்லை. அங்கே வேறொரு வேறுபாட்டைத் தேட வேண்டும். மூலக்கூறு அளவிலான, மூன்று ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள சியோலைட் என்ற கனிம மணிகளின் வழியாக ஆவியைச் செலுத்துகிறார்கள். நீர் மூலக்கூறு உள்ளே நுழைகிறது, எத்தனால் மூலக்கூறு பெரிதாகையால் வெளியே தங்கிவிடுகிறது. கொதிநிலையை விட்டு உருவத்தின் அளவுக்கு மாறிக்கொண்டதுதான் அங்கே செய்த தந்திரம்.

பயிற்சிக் காலத்தை எப்படிப் பிரிப்பது என்றால், முதல் வாரம் எந்தக் கருவியையும் படிக்காமல் சாற்றின் பின்னாலேயே நடங்கள். குழாய்களைத் தொடர்ந்து ஒரு தாளில் நீங்களே வரைபடம் போட்டு, பிறகு அலுவலக வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபடும் இடங்களில் பெரும்பாலும் உங்கள் தவறு இருக்கும். சில இடங்களில் வரைபடம் பழையதாக இருக்கும். இரண்டாம் வாரத்திலிருந்து கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். பொறியாளர்களைவிட ஃபிட்டர்களிடமும் ஆப்பரேட்டர்களிடமும் அதிகம் கேளுங்கள்; ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தை அப்படியே எழுதிக்கொள்ளாமல், எந்த வேறுபாடு மாறியது என்று நீங்களே ஒருமுறை யோசியுங்கள்.

பழக ஒரு சின்ன வேலை தருகிறேன். கண்டன்சருக்குள் போகும் நீரின் வெப்பநிலையையும், கீழ்த் தொட்டியில் வந்து விழும் நீரின் வெப்பநிலையையும், வெற்றிட அளவையும் தினமும் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். ஒரு நாள் வெற்றிடம் குறையும், ஆலையே பரபரக்கும். அன்றைக்கு விழும் நீர் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால், குளிர்நீர் போதவில்லை. பம்பையோ தெளிப்பானையோ பாருங்கள். நீர் வழக்கம்போலவோ அதைவிடக் குளிர்ந்தோ விழுந்துகொண்டிருக்க வெற்றிடம் மட்டும் குறைந்திருந்தால், எங்கோ காற்று புகுகிறது. மெழுகுவத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகச் சுடர் உள்ளே சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். சக்கைத் தூள் பறக்கும் பக்கத்திலும் சாராயப் பகுதியிலும் மட்டும் சுடரை எடுக்காதீர்கள். அங்கே சோப்பு நீரோ காதோதான் துணை.